மிச்சம் எத்தனை மணி நேரம்?

கோயம்புத்தூரில் தனிப்பயன் இயந்திரங்கள் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் திட்டமிடல் என் பொறுப்பு. பம்ப் உடலில் துளையிடும் இயந்திரம், மோட்டார் உறையில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் இயந்திரம் என ஒவ்வோர் ஆர்டரும் ஒவ்வொரு விதம். வரைபடம், வார்ப்பு, மெஷினிங், அசெம்ப்ளி, வயரிங், இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பி.எல்.சி.க்குப் புரோகிராம், சோதனை ஓட்டம், கடைசியில் வாடிக்கையாளர் ஆலையில் நிறுவுவது என்று ஒரு வேலை நான்கைந்து மாதம் ஓடும். ஒரே நேரத்தில் ஏழெட்டு இயந்திரங்கள் தளத்தில் நிற்கும். கைதேர்ந்த ஃபிட்டர் ஒருவரை மூன்று இயந்திரங்கள் ஒரே வாரத்தில் கேட்கும்.

இப்படிப்பட்ட இடங்களில் திட்ட அட்டவணை ஒரு வழியாகவும் டைம்ஷீட் இன்னொரு வழியாகவும் போவதைப் பல நிறுவனங்களில் பார்க்கலாம். அட்டவணை திட்டமிடுபவரின் கணினியில் இருக்கும். யார் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவிட்டார் என்று எழுதும் டைம்ஷீட் கணக்குப் பிரிவுக்குப் போய், எந்த ஆர்டருக்கு எவ்வளவு கூலி விழுந்தது என்று பார்க்கப் பயன்படும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்குள் இயந்திரம் இரண்டு வாரம் பின்தங்கியிருக்கும். வாரா வாரம் இரண்டையும் சேர்த்து வைப்பதை எங்கள் நிறுவனத்தில் வழக்கமாக்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று, பழகி வந்த முறையை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அச்சாணி ஒரே கேள்வி: மிச்சம் எத்தனை மணி நேரம்? டைம்ஷீட்டில் செலவான நேரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து அட்டவணையில் போட்டால், வேலையின் உண்மை நிலை அதில் ஏறாது.

ஓர் உதாரணம். நாங்கள் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் என்ற திட்டமிடல் மென்பொருள். ஹைட்ராலிக் குழாய் வேலைக்கு 40 மணி நேரம் என்று திட்டத்தில் இருக்கிறது. புதன் முதல் சனி வரை ஃபிட்டர் 30 மணி நேரம் எழுதியிருக்கிறார். 'ஆக்சுவல் வொர்க்' என்ற இடத்தில் 30 என்று போட்டால், மென்பொருள் தானாகக் கழித்து மிச்சம் 10 என்று காட்டும். வேலையில் 75 சதவீதம் முடிந்துவிட்டது என்றும் சொல்லும். செவ்வாய் காலை குழாய் வேலை முடியும், அன்றே வயரிங் தொடங்கலாம் என்று தேதி விழும். அந்தத் தேதியை நம்பி வயரிங் ஆட்களை வரச் சொல்வோம்.

ஃபிட்டரைக் கேட்டால் கதை வேறு. குழாய்கள் வந்து பொருந்தும் உலோகக் கட்டையிலேயே (மேனிஃபோல்டு பிளாக்) ஒரு துளை தவறாக வந்திருக்கிறது. "மேனிஃபோல்டு பிளாக்கில் ஒரு போர்ட் எதிர்ப்பக்கம் துளைத்து வந்திருக்கிறதுங்க. அதைச் சரி செய்து கொண்டுவந்தால்தான் குழாயை வளைக்க முடியும். முழுதாக மூன்று நாள் வேண்டும்." அதாவது 24 மணி நேரம். 'ரிமெய்னிங் வொர்க்' இடத்தில் 24 போட்டதும் மொத்த வேலை 54 ஆகிறது. குழாய் வேலை புதன் மாலைக்குப் போகிறது, அதன் பின்னால் இருக்கும் வயரிங்கும் சோதனை ஓட்டமும் தானாக நகர்கின்றன. செய்த வேலையும் மிச்ச வேலையும் சேர்ந்தால் மொத்த வேலை என்பது மென்பொருளுக்குத் தெரியும். மிச்சம் எவ்வளவு என்பது குழாயைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்காத வரை, மென்பொருள் நம்முடைய பழைய மதிப்பீட்டையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்.

கேட்கும் விதத்திலும் நிறைய இருக்கிறது. "எத்தனை சதவீதம் முடிந்தது?" என்று எங்கள் தளத்தில் யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் தொண்ணூறு. அடுத்த வாரமும் தொண்ணூறு. சனிக்கிழமை மாலை டீ முடிந்ததும் ஃபோர்மேனும் நானும் தாளோடு ஒரு சுற்று வருவோம். நடந்துகொண்டிருக்கும் வேலைகளையும் அடுத்த இரண்டு வாரத்தில் தொடங்க வேண்டியவற்றையும் மட்டும் பார்ப்போம். "அண்ணா, இதில் இன்னும் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறதுங்க?" என்றுதான் தொடங்குவோம்.

எங்கள் மூத்த ஃபிட்டர் ஒருவர் இதற்குப் பதில் சொல்லும் விதத்தைப் புதிதாக வரும் பொறியாளர்களை அழைத்துப் போய்க் காட்டுவேன். இயந்திரத்தின் நகரும் பகுதி வழுக்கி ஓடும் தடமான கைடுவேயில், மேடு எங்கே என்று தெரிய நீலம் தடவிப் பார்த்துச் சுரண்டிக்கொண்டிருப்பார். கேள்வி காதில் விழுந்ததும் ஸ்க்ரேப்பரைக் கீழே வைத்துவிட்டு, நீலம் ஒட்டிய விரலால் படுகையின் மேல் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போவார். இந்தப் பக்கம் சுரண்ட ஒரு ஷிஃப்ட். தளர்வைச் சரிசெய்யும் ஜிப் பட்டையை உட்கார வைக்க அரை ஷிஃப்ட். பால்ஸ்க்ரூ என்ற நகர்த்தும் திருகை ஏற்றி அலைன்மென்ட் பார்க்க ஒரு ஷிஃப்ட். லெவல் பார்த்துப் பூட்ட அரை. "மூன்று ஷிஃப்ட் வைத்துக்கொள்ளுங்க. பேரிங் திங்கட்கிழமை வந்துவிடும் என்றால்தானுங்க இந்தக் கணக்கு." கடைசியில் அவர் சொன்ன வரிக்கு மதிப்பு அதிகம். பேரிங் வராவிட்டால் பால்ஸ்க்ரூ ஏற்ற முடியாமல் அவர் சும்மா இருப்பார். அதை சனிக்கிழமையே தெரிந்துகொண்டால், அவரை அடுத்த இயந்திரத்துக்கு மாற்ற வழி இருக்கிறது.

தளத்தில் இருப்பவர்கள் மணி நேரமாக எண்ணுவதில்லை, ஷிஃப்டாக எண்ணுகிறார்கள். எட்டால் பெருக்கிக்கொள்வது என் வேலை. வடிவமைப்புப் பிரிவில் இதே கேள்வியைக் கேட்டால் "கொஞ்சம்தான் சார்" என்று வரும். அங்கே வரைபடங்களை எண்ணச் சொல்வேன். விவர வரைபடம் எத்தனை வெளியாகிவிட்டது, எத்தனை பாக்கி, பாக்கியில் கடினமானது எத்தனை. எண்ணக்கூடிய ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்ச நேரம் தானாக வந்துவிடும்.

சதவீதத்தை ஏன் இவ்வளவு விலக்குகிறேன் என்பதற்கு மென்பொருள் சார்ந்த காரணமும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில், அமைப்பை மாற்றாத வரை, '% கம்ப்ளீட்' நெடுவரிசையில் 50 என்று தட்டினால், திட்டத்தில் இருந்த மணி நேரத்தில் பாதியைச் செய்த வேலையாக அதுவே எழுதிக்கொள்ளும். டைம்ஷீட்டிலிருந்து வந்த உண்மையான மணி நேரம் அங்கே இருந்திருந்தால் அது கலைந்துவிடும். ஆகவே டைம்ஷீட் கணக்கு உள்ளே வரும் திட்டக் கோப்பில் சதவீதத்தை யாரும் தட்டக் கூடாது என்பது எங்களிடம் கண்டிப்பான விதி. அந்த நெடுவரிசையைப் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டோம்.

அடுத்தது குறியீடு. டைம்ஷீட்டில் ஒருவர் "அசெம்ப்ளி, 6 மணி" என்று எழுதினால், அது அட்டவணையில் எந்த வரிக்கு உரியது என்று யாருக்கும் தெரியாது. மென்பொருளின் வரிசை எண்ணை நம்ப முடியாது. நடுவில் ஒரு வரியைச் சேர்த்தால் கீழே உள்ள எண்கள் எல்லாம் மாறிவிடும். அதனால் ஆர்டர் எண், இயந்திரத்தின் பகுதி, வேலையின் கட்டம் மூன்றையும் சேர்த்து எங்கள் சொந்தக் குறியீட்டைத் தனி நெடுவரிசையில் வைத்திருக்கிறோம். ஒரு முறை கொடுத்த குறியீடு மாறாது. வேலை இரண்டாகப் பிரிந்தால் பழைய வரியை அழிப்பதில்லை. அதில் ஏறிய மணி நேரம் அழிந்துவிடும் என்பதால், பழையதன் மிச்சத்தைச் சுழியமாக்கி மூடிவிட்டு, புதிய வரிகளுக்குப் புதிய குறியீடு கொடுக்கிறோம்.

தளத்தில் கணினி வைத்து ஆட்களையே தட்டச் சொல்லலாம் என்று யோசனை வந்தது. எண்ணெய்க் கையோடு விசைப்பலகையில் எவரும் விருப்பத்தோடு தட்டமாட்டார்கள் என்று ஃபோர்மேன் சொன்னதை ஏற்றுக்கொண்டு, தாளிலேயே தொடர்கிறோம். ஆனால் வெற்றுத் தாள் கொடுப்பதில்லை. திங்கள் காலை அட்டவணையிலிருந்து அந்த வாரம் ஒவ்வொருவருக்கும் உள்ள நாலைந்து வேலைகளைக் குறியீட்டோடு அச்சடித்துக் கொடுக்கிறோம். திங்கள் முதல் சனி வரை கட்டங்கள், கடைசியில் 'மிச்சம்' என்று ஒரு கட்டம். வேலையின் பெயர் தமிழில் இருக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்களுக்கு இந்தியிலும் அச்சடிக்கிறோம். அவரவர் எழுத வேண்டியது எண் மட்டும்தான். இந்தத் தாள் வந்த பிறகு குறியீடு தவறாக விழுவது அநேகமாக நின்றுவிட்டது. அட்டவணையிலிருந்து தாள், தாளிலிருந்து அட்டவணை என்று இரு பக்கமும் போக்குவரத்து இருப்பதுதான் இதில் நன்மை. யாருடைய தாளில் என்ன வேலை அச்சாகியிருக்கிறதோ அதுவே அவருக்கான அந்த வாரத்துத் திட்டம்.

தாளின் அடியில் திட்டத்துக்கு வெளியே உள்ள நேரத்துக்கும் வரிகள் இருக்கின்றன. பழைய வாடிக்கையாளருக்கு சர்வீஸ் போனது, திரும்பச் செய்த வேலை, கூட்டம், பயிற்சி, காத்திருப்பு. இவற்றுக்கு இடம் கொடுக்காவிட்டால் அந்த மணி நேரம் முழுவதும் ஏதாவது ஓர் இயந்திரத்தின் தலையில் போய் விழும். பிறகு அந்த இயந்திரம் ஏன் இவ்வளவு நேரம் தின்றது என்று ஆராய்ந்தாலும் விடை கிடைக்காது. காத்திருப்பு வரியை நான் மிகவும் மதிக்கிறேன். கிரேனுக்காக, வார்ப்புக்காக, வரைபட விளக்கத்துக்காக என்று காரணமும் ஒரு சொல்லில் எழுதச் சொல்கிறோம். முன்பு "அசெம்ப்ளி தாமதம்" என்று ஒரே பெயரில் பேசப்பட்டதில் பெரும் பகுதி, உண்மையில் பொருள் வராத தாமதம் என்பது இந்த வரியால்தான் வெளியே வந்தது. பர்ச்சேஸ் பிரிவின் கூட்டத்துக்கு இப்போது இந்த எண்களோடுதான் போகிறோம்.

இனி காலண்டர். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டை நிறுவியபடியே பயன்படுத்தினால், அதற்கு வாரம் என்றால் திங்கள் முதல் வெள்ளி, 40 மணி நேரம். மாதம் என்றால் 20 நாள். எங்கள் தொழிற்சாலைகளுக்கு வாரம் ஆறு நாள், 48 மணி நேரம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த வார உச்சவரம்பும் அதுதான். காலண்டரில் சனிக்கிழமையை வேலை நாளாக மாற்றினால் மட்டும் போதாது. வாரத்துக்கு எத்தனை மணி, மாதத்துக்கு எத்தனை நாள் என்ற அமைப்பு தனியாக வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டால், வேலைக்கு 'ஒரு வாரம்' என்று நீங்கள் கொடுக்கும்போது மென்பொருள் 40 மணி நேரமாகவே எடுத்துக்கொண்டு வெள்ளி மாலையே முடித்துவிடும். டைம்ஷீட்டில் 48 வரும். ஒவ்வொரு வரியிலும் எட்டு மணி நேர வேறுபாடு ஏன் என்று புரியாமல் தவிப்பீர்கள். நாங்கள் இதோடு இன்னொன்றும் செய்கிறோம்: வாரம், மாதம் என்று கொடுப்பதையே நிறுத்தி, எல்லா வேலைக்கும் மணி நேரமாகவே கொடுக்கிறோம்.

அரசு விடுமுறைப் பட்டியலை ஏற்றிவிட்டால் காலண்டர் முடிந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்ததும், அதே தை மாதத்தில் தைப்பூசம் வரும். பழனிக்குப் பாதயாத்திரை போவதற்காக மாலை போட்டவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் இருப்பார்கள். அவர்கள் நடந்து போய்த் தரிசனம் முடித்துத் திரும்பும் வரை வெல்டிங் பகுதியில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு கிளம்பியவர்கள் முழுதாகத் திரும்ப ஒரு வாரமாகும். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மதியத்துக்கு மேல் இயந்திரம் துடைப்பதுதான் வேலை. ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாட்கள். வட மாநிலத் தொழிலாளர்களுக்கு ஹோலியும் சாத் பூஜையும். இவை எதுவும் ரகசியமல்ல, எல்லாம் நாட்காட்டியிலேயே இருக்கின்றன. யார் போகிறார்கள் என்று மார்கழியிலேயே கேட்டு, அவரவர் பெயருக்கு உள்ள தனிக் காலண்டரில் அந்த நாட்களை விடுப்பாக ஏற்றிவிடுகிறோம். கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். விடுப்பு முன்கூட்டியே ஏற்கப்பட்டுவிட்டது என்பது அவர்களுக்கும் நிம்மதி.

திங்கள் காலை நடக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த நாள் வரையிலான கணக்கு என்று மென்பொருளுக்குச் சொல்லும் நிலவரத் தேதியாக முந்தைய சனிக்கிழமையைக் கொடுப்பேன். பிரைமவேரா என்ற இன்னொரு திட்டமிடல் மென்பொருளில் இதை டேட்டா டேட் என்பார்கள். 'டாஸ்க் யூசேஜ்' பார்வையில் ஒவ்வொரு நாளுக்கும் உரிய மணி நேரத்தை அந்தந்த நாளின் கட்டத்தில் போடுவேன். மொத்தமாகத் தட்டினால் மென்பொருள் அதைத் திட்டமிட்ட தொடக்க நாளிலிருந்து தன் போக்கில் பரப்பிவிடும். புதன் அன்று தொடங்கிய வேலை திங்களே தொடங்கியதாக ஆகிவிடும். பிறகு மிச்ச நேரம். கடைசியாக, நிலவரத் தேதிக்கு முன்னால் செய்யப்படாமல் கிடக்கும் வேலையையெல்லாம் அந்தத் தேதிக்குப் பின்னால் நகர்த்தும் கட்டளை. இதைத் தவறவிடவே கூடாது. போன செவ்வாய்க்கிழமை செய்திருக்க வேண்டிய வேலை போன செவ்வாயிலேயே நின்றுகொண்டிருந்தால், அதற்குப் பின்னால் உள்ள தேதி எதுவும் மெய்யாக இருக்காது. பிரைமவேரா அட்டவணையை மறுபடி கணக்கிடும்போது இதைத் தானே செய்துவிடும், ப்ராஜெக்டில் நாம்தான் சொல்ல வேண்டும். இந்த எண்களை எக்செல்லிலிருந்து கொண்டுவர வழி இருந்தும் கையாலேயே தட்டுகிறேன். ஒவ்வோர் எண்ணும் கண்ணில் படுகிறது. திட்டத்தில் 16 மணி நேரமாக இருந்த வேலைக்கு 22 மணி நேரம் ஏறியும் மிச்சம் 12 என்று இருந்தால், அந்த இடத்திலேயே எழுந்து தளத்துக்குப் போய்விடுவேன்.

வேலையின் வகையை 'ஃபிக்ஸ்டு வொர்க்' என்று வைப்பதும் டைம்ஷீட் முறைக்குப் பொருந்தும். மென்பொருளின் வழக்கமான அமைப்பில், இன்னோர் ஆளைச் சேர்த்தால் கால அளவு அப்படியே இருக்க, மணி நேரம் இரட்டிப்பாகிவிடலாம். ஃபிக்ஸ்டு வொர்க்கில் மணி நேரம் மாறாது, நாள் குறையும். ஆனால் நாள் உண்மையிலேயே குறையுமா என்று யோசித்துவிட்டே ஆளைச் சேர்க்க வேண்டும். ஒரு மின் பேனலுக்குள் ஒருவர்தான் நின்று வயர் இழுக்க முடியும்.

வெளியே கொடுக்கும் ஜாப் வொர்க் வேலைகளுக்கு டைம்ஷீட் கிடையாது. அரசூர்ப் பக்கம் ஃபவுண்டரியில் வார்ப்பு, கணபதியில் கிரைண்டிங், குறிச்சி சிட்கோவில் ஹீட் ட்ரீட்மென்ட் என்று நடப்பவற்றுக்கு நாம் மணி நேரம் போட்டால் வெறும் கற்பனையாக இருக்கும். அவற்றுக்குக் கால அளவு மட்டும் கொடுத்து, ஆள் பெயர் போடாமல் விட்டுவிடுகிறோம். வியாழக்கிழமை ஒவ்வொருவருக்கும் போன் செய்து வரும் தேதியைக் கேட்டு மாற்றுகிறோம். பேட்டர்ன் (வார்ப்பு மாதிரி) தயாரா, மோல்டிங் (மணல் அச்சு) முடிந்ததா, ஃபெட்லிங்கில் (பிசிறு நீக்குவதில்) இருக்கிறதா என்று வேலை நிற்கும் கட்டத்தைக் கேட்பது நல்லது. "அடுத்த வாரம் வந்துவிடும்" என்பதைவிட "மோல்டிங் நாளைக்கு" என்ற பதிலை வைத்துக்கொண்டு தேதி போடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறது. தாள் கையில் கொடுத்ததும் தொழிலாளிக்கு முதலில் தோன்றுவது, இதை வைத்து நம் கூலியில் கை வைப்பார்களோ என்பதுதான். அந்தப் பயம் இருக்கும் வரை ஒவ்வொருவரும் எட்டுக்கு எட்டு என்று நிரப்பிக் கொடுப்பார்கள். டீ குடிக்காத, கிரேனுக்குக் காத்திராத, கருவி தேடாத ஒரு நாள் தொழிற்சாலையில் கிடையாது. இந்தத் தாளைக் கொண்டு யாருடைய இன்கிரிமென்டையும் ஓ.டி.யையும் தொடமாட்டோம் என்று எங்கள் நிர்வாக இயக்குநர் அசெம்ப்ளி தளத்தில் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார். சொன்னபடி இன்று வரை நடக்கிறார். ஓ.டி. கணக்கு கைரேகைப் பதிவிலிருந்து தனியாகப் போகிறது. எழுதியதற்காக யாரும் திட்டு வாங்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் காத்திருப்பு வரியில் எண்கள் வரத் தொடங்கின. மிச்ச நேரம் கூடுதலாகச் சொல்கிறவரிடம் "இவ்வளவா?" என்று முகம் சுளிக்காமல் இருக்க ஃபோர்மேன்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். ஒரு முறை சுளித்தால் அடுத்த வாரம் அவர் நமக்குப் பிடித்த எண்ணைத்தான் சொல்வார்.

ஆர்டர் உறுதியாகி வடிவமைப்பு ஒப்புதல் ஆனதும் பேஸ்லைன், அதாவது பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அன்றைய திட்டத்தின் நகல் ஒன்றை வைத்துவிடுகிறோம். ப்ராஜெக்டில் 11 பேஸ்லைன் வரை சேமிக்கலாம். வாடிக்கையாளர் நடுவில் இயந்திரத்தில் புதிதாக ஒரு ஸ்டேஷன் (வேலை நிலை) கேட்டால் புதிய பேஸ்லைன் ஒன்றைத் தனியாகச் சேமிப்போம், பழையதை மேலெழுதமாட்டோம். எங்களால் ஆன தாமதம் எவ்வளவு, அவர்கள் கேட்ட மாற்றத்தால் ஆனது எவ்வளவு என்று உட்கார்ந்து பேசும் நாளில் இரண்டும் தேவைப்படும்.

பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இவ்வளவு பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. குறியீடு, செலவு, மிச்சம் என்று மூன்று நெடுவரிசை உள்ள எக்செல் தாளும், வாரம் ஒரு சுற்றும் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. அட்டவணை வேண்டும், செலவு கூடாது என்றால் ப்ராஜெக்ட்லிப்ரே இலவசமாகக் கிடைக்கிறது, மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் கோப்புகளையும் அது திறக்கும். எல்லோரும் கணினியில் வேலை செய்யும் அலுவலகம் என்றால், பணிப்பட்டியலும் டைம்ஷீட்டும் ஒரே இடத்தில் உள்ள ஸோஹோ ப்ராஜெக்ட்ஸ் போன்றவை வசதி. எதை எடுத்தாலும் மிச்ச நேரத்தைத் தனியாகப் பதிவு செய்ய இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் கூடுதலாக ஒரு புலம் சேர்க்க முடிகிறதா என்று கேளுங்கள்.

இத்தனை வாரத் தாள்கள் சேர்ந்ததில் இன்னொரு பயன் கிடைத்திருக்கிறது. புதிய ஆர்டருக்கு விலை சொல்லும்போது, இதே அளவுள்ள கைடுவேக்குச் சுரண்டல் எத்தனை ஷிஃப்ட் ஆனது, இத்தனை வால்வு உள்ள குழாய் வேலைக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் ஆனது என்று குறியீட்டை வைத்து எடுத்துப் பார்க்கிறோம். விற்பனைப் பிரிவு இப்போது கொட்டேஷன் அனுப்புவதற்கு முன் எங்களிடம் வந்து கேட்கிறது. அடுத்ததாக, வெளியிலிருந்து வரும் வயரிங் குழுவுக்கும் இதே தாளைக் கொடுக்கப் பேசி வருகிறோம். ஆள் கணக்கில் கூலி வாங்காமல் பேனல் கணக்கில் வாங்குகிறவர்கள் என்பதால், அவர்களுக்கு மணி நேரக் கட்டங்களை எடுத்துவிட்டு 'மிச்சம்' கட்டத்தை மட்டும் வைத்து ஒரு தாள் தயாராகிக்கொண்டிருக்கிறது.